சற்றே இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்

மினோ நாட்டில் ஓர் ஆற்றுத்துறை. இருட்டிவிட்டால் உள்ளூர்க்காரர்கள் அதில் கால் வைக்கமாட்டார்கள். நடு ஆற்றில் ஒரு பெண் எதிரே வருவாளாம். கையில் வீறிட்டு அழும் பச்சைப்பிள்ளை. கடக்கிறவரிடம் அதை நீட்டி, பிடித்துக்கொள்ளச் சொல்வாளாம். சுஎதாகே என்ற வீரன், கூட இருந்தவர்கள் சீண்டியதில் ரோஷம் வந்து, பந்தயம் கட்டி, ஒரு ராத்திரி தனியாளாக அந்தத் துறையில் இறங்குகிறான்.

12ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கொஞ்ஜாகு மொனொகதாரி' என்ற பெருங்கதைத் தொகுப்பின் 27ஆம் பகுதியில் இந்தக் கதை வருகிறது. எனக்கு இதில் பேயைவிட அதைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன விவரங்கள் மேல்தான் ஆசை. அக்கரை சேர்ந்ததற்கு அடையாளமாக சுஎதாகே தன் தூணியிலிருந்து ஓர் அம்பை உருவி மண்ணில் குத்திவிட்டுத் திரும்புகிறான். சந்தேகப்படுகிறவர்கள் விடிந்ததும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவனுக்குத் தெரியாமல் பின்னாலேயே வந்து புல்லில் பதுங்கியிருக்கும் மூன்று பேருக்கு இருட்டில் ஒரு பச்சைக் கவிச்சை வாடை அடிக்கிறது. அது எந்த வாடை என்று கதை விளக்குவதில்லை. பிரசவம் நடந்த வீட்டை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையுமில்லை. சுஎதாகே பிள்ளையை வாங்கிக்கொள்கிறான். வாங்கியவன் திருப்பிக் கொடுக்க மறுக்கிறான். இப்போது அவள் பின்னாலேயே ஓடி வருகிறாள், என் பிள்ளையைக் கொடு என்று. பேய் துரத்தும் கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. தான் கொடுத்ததையே திருப்பிக் கேட்டுத் துரத்தும் பேயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீடு வந்து சேர்ந்து, அங்கியின் அகலமான கைப்பகுதியை விரித்துப் பார்த்தால் உள்ளே சில இலைகள். அவ்வளவுதான். பந்தயப் பொருளையும் அவன் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் பெயர் உபுமே. பிள்ளைப்பேற்றில் இறந்துபோனவள். வேறு ஊர்களில் சொல்லப்படும் கதைகளில் அந்தப் பிள்ளை வாங்கியவர் கையில் நொடிக்கு நொடி கனத்துக்கொண்டே போகும், கல்லாகக் கனக்கும். கீழே போடாமல் தாங்கியவருக்கு அசுர பலம் கிடைக்கும். எதுவானாலும் உபுமே கேட்பது ஒன்றைத்தான்: சற்றே இதைப் பிடித்துக்கொள்.

அந்தப் பிள்ளை 1994இல் கொதான்ஷா பதிப்பகத்தின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானில் 'பொன் வாரம்' என்று ஒரு தொடர் விடுமுறை வரும். அலுவலகங்களில் ஈ, காக்கை இருக்காது. அந்த விடுமுறையில் கொதான்ஷாவின் தொலைபேசி ஒலிக்கிறது. தற்செயலாக ஓர் ஆசிரியர் அங்கே இருந்து எடுக்கிறார். பேசியவர் பெயர் தெரியாத ஒரு வடிவமைப்பாளர். பொருளாதாரக் குமிழி வெடித்துத் தொழில் மந்தமான அந்த நாட்களில், வேலைக்கு நடுவே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். பதிப்பகத்தின் எண்ணை அவர் எடுத்தது ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து. படித்துச் சொல்ல மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். சரி என்று அனுப்பிவைக்கிறார். ஆனால் இரண்டே நாளில் பதில் வருகிறது. பேர்போன எழுத்தாளர் யாரோ புனைபெயரில் நம்மைச் சோதிக்கிறாரோ என்றுகூட ஆசிரியர் குழு சந்தேகப்பட்டதாம். செப்டம்பரில் புத்தகம் வெளிவந்துவிட்டது. எழுதியவர் கியோகொகு நட்சுஹிகோ, ஹொக்கைதோவின் ஒதாரு ஊர்க்காரர், அப்போது வயது 31. நாவலின் பெயர் 'உபுமே நோ நட்சு', உபுமேயின் கோடை. முன்பின் தெரியாத ஒருவர் நேரே கையெழுத்துப் பிரதியை அனுப்ப, அது இப்படிப் பலித்ததைப் பார்த்துத்தான் கொதான்ஷா 'மெஃபிஸ்தோ' பரிசு என்ற வாசலையே புதியவர்களுக்காகத் திறந்தது.

தலைப்பிலேயே கொஞ்சம் நிற்க வேண்டும். உபுமே என்ற சொல்லை ஜப்பானியத்தில் இரண்டு விதமாக எழுதலாம். 'பிரசவம்', 'பெண்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் பொருள் வெளிப்படை. இன்னொரு வகையில் மூன்று எழுத்துகள். அவை சீனத்தில் ஒரு பறவையின் பெயர். பிறர் பிள்ளையைத் தூக்கிப்போய் வளர்க்கும் பேய்ப்பறவை அது. பிள்ளையைக் கொடுக்கிறவளின் பெயருக்குப் பிள்ளையைப் பறிக்கிறவளின் எழுத்து! 1776இல் தன் பேய்ப் படத்தொகுப்பை வெளியிட்ட ஓவியர் தொரியாமா செகியென், நீரோரம் பிள்ளையோடு நிற்கும் பெண்ணை வரைந்துவிட்டு, பக்கத்தில் பறவையின் எழுத்தைத்தான் பொறித்தார். கியோகொகுவும் தலைப்புக்கு அதையே எடுத்துக்கொண்டார். படிப்பது ஒரு சொல், பார்ப்பது இன்னொரு சொல். கண்ணுக்கும் காதுக்கும் இடையே உள்ள அந்த விரிசலுக்குள்தான் இந்த நாவலின் மர்மம் முழுவதும் ஒளிந்திருக்கிறது. அதற்கு மேல் சொன்னால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

கதை நடக்கும் இடம் தோக்கியோவின் சோஷிகாயா. காலம் 1952இன் கோடை. அங்கே ஒரு மருத்துவமனைக் குடும்பம். மகள் இருபது மாதமாகக் கர்ப்பமாக இருக்கிறாள். கணவனோ பூட்டிய அறைக்குள்ளிருந்து காணாமல் போய்விட்டான். இடம் ஏன் சோஷிகாயா? அங்கேதான் கிஷிமோஜின் கோயில் இருக்கிறது. பௌத்தக் கதைகளில் வரும் ஹாரீதிதான் கிஷிமோஜின். பிறர் பிள்ளைகளைத் தின்று, புத்தரால் திருந்தி, பிள்ளைகளைக் காக்கும் தாயானவள். அவள் பெயரின் முதல் எழுத்து 'பேய்' என்ற எழுத்து. அந்த எழுத்தின் தலையில் கொம்புபோல் ஒரு சிறு கீற்று உண்டு. சோஷிகாயா கோயிலில் அந்தக் கீற்றை எழுதுவதில்லை. திருந்தியவளுக்குக் கொம்பு எதற்கு? ஒரு கீற்றைக் குறைத்துப் பேயைத் தாயாக்கும் ஊரில், பறவையா பெண்ணா என்று தெரியாத ஒருத்தியின் கதையை வைத்திருக்கிறார். இடத்தேர்விலேயே இத்தனை நயம்.

இந்த நாவலை முதல்முறை திறப்பவர்கள் திகைப்பது வேறொரு விஷயத்தில். கதைசொல்லியான செகிகுச்சி வெயிலில் ஒரு மேட்டுப்பாதையில் தலைசுற்ற ஏறிப்போய், நண்பனின் பழைய புத்தகக் கடையில் உட்காருகிறான். நண்பன் சூசென்ஜி, கடைக்காரன், கோயில் பூசகன், மந்திரவாதி என்று எல்லாமாக இருப்பவன். உட்கார்ந்தவர்கள் பேசுகிறார்கள். பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நினைவு என்றால் என்ன, பார்ப்பது என்றால் என்ன, பேய் இருக்கிறது என்று சொல்வதில் 'இருக்கிறது' என்பதற்கு என்ன பொருள். கொலை இல்லை, துப்பு இல்லை. முதல் நாவல் எழுதும் யாரும் இப்படிச் செய்யத் துணியமாட்டார்கள். வாசகனைப் பத்துப் பக்கத்துக்குள் பிடித்துப் போடு என்றுதானே எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள்? சில இடங்களில் பேச்சு வகுப்பறை விரிவுரையாக நீண்டு நம் பொறுமையைச் சோதிக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கடைசியில் திரும்பிப் பார்த்தால், நாம் பொழுதுபோக்காகக் கேட்ட ஒவ்வொரு வாக்கியமும் பின்னால் நடந்ததற்கு அச்சாரமாக இருந்திருக்கிறது.

எழுத்தில் பேச்சை இவ்வளவு நம்பியவர் மேடையில் எப்படி இருப்பார்? கியோகொகு பொது இடங்களுக்குக் கிமோனோவில் வருகிறார். கையில் விரல்நுனிகள் மட்டும் வெளியே தெரியும் கறுப்புக் கையுறை. அவர் நாவலில் பேயிறக்கப் புறப்படும் சூசென்ஜியின் கோலம் நினைவிருக்கிறவர்களுக்கு அந்தக் கையுறை சட்டென்று பொருள் தரும். சூசென்ஜியும் அன்றைக்குக் கறுப்பு அங்கி, கைக்கவசம், கறுப்புக் காலுறை, கறுப்பு மரச்செருப்பு என்று தலை முதல் கால் வரை கறுப்பு. செருப்பின் வார் மட்டும் சிவப்பு. அந்த ஒரு சிவப்பு இல்லாவிட்டால் அது வெறும் துக்க உடை. எழுத்தாளர் அந்தக் கோலத்தில் பாதியை மட்டும் போட்டுக்கொண்டு மேடையேறுகிறார். சிவப்பு வாரைக் கதாபாத்திரத்துக்கே விட்டுவைத்திருக்கிறார்.

உடையைப் பார்த்து மாயாஜாலப் பேச்சை எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். பேய்க்கதைக்காரர் மேடையில் பேசுவது பெரும்பாலும் சொற்களைப் பற்றி. உரைகளின் தொகுப்பு ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பிலேயே 'ஒபாகே', 'கொதொபா' என்ற இரண்டும், அதாவது பேயும் சொல்லும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பதின்பருவத்தினருக்கு ஆற்றிய ஓர் உரை, நரகத்தை ரசிப்பது எப்படி என்ற பொருள்படும் தலைப்பில் 2019இல் சிறு நூலானது. அதிலும் பாடம் சொல்லைப் பற்றித்தான். நாம் சொன்னது அப்படியே மற்றவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புவதில்தான் பாதி நரகம் தொடங்குகிறது என்ற எச்சரிக்கை. உருவமில்லாத பயத்துக்குப் பெயர் சூட்டினால் அது பேயாகிறது. பேயின் பெயரைச் சரியாகப் பிரித்துச் சொன்னால் பயம் இறங்குகிறது. நாவலில் சூசென்ஜி நான்கு சுவருக்குள் செய்வதை எழுதியவர் அரங்கத்தில் செய்கிறார்.

அவர் தனியாகவும் பேசவில்லை. பேய்ச்சித்திரக் கதைகளின் பிதாமகர் மிசுகி ஷிகெரு, தன் சொந்த ஊரான சகாய்மினாதோவில் 1996இல் 'உலக யோக்காய் மாநாடு' கூட்டினார். யோக்காய் என்றால் பேய், பூதம், காரணம் புரியாத விநோதம் எல்லாம் அடங்கும். மீன்பிடித் துறைமுகமான அந்த ஊரில் தெருநெடுக யோக்காய்களுக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். 2015இல் மறைந்த மிசுகியைச் சுற்றி உட்கார்ந்து பேய்களைப் பற்றி வாதிட்ட அந்த வட்டத்தில் கியோகொகுவும் ஒருவர்.

இப்படிக் கூடி உட்கார்ந்து பேசுவதற்கு அங்கே பழைய இலக்கணமே இருக்கிறது. 'ஹ்யாக்கு மொனொகதாரி', நூறு கதை. அசாய் ரியோய் 1666இல் வெளியிட்ட 'ஒதோகிபோகோ' என்ற நூல் அதன் விதிகளைச் சொல்கிறது. நிலவில்லாத இரவாக இருக்க வேண்டும். விளக்குக்கூட்டில் நீலக் காகிதம் ஒட்ட வேண்டும். நூறு திரி ஏற்ற வேண்டும். ஒரு கதை முடிந்ததும் ஒரு திரியை அணைக்க வேண்டும். எவ்வளவு நுணுக்கமான மேடை அமைப்பு! கதை ஏற ஏற வெளிச்சம் இறங்குகிறது. பயம் கதையில் இருக்கிறதா, குறைகிற வெளிச்சத்தில் இருக்கிறதா என்று யாராலும் பிரிக்கமுடியாது. நூறாவது திரி அணைந்தால் உண்மையாகவே ஏதோ வந்துவிடும் என்பதால் தொண்ணூற்றொன்பதிலேயே எழுந்துவிடுவது வழக்கம். சொல்லாமல் விட்ட அந்த ஒரு கதைதான் எல்லாவற்றிலும் பயங்கரமானது.

அதே 'ஒதோகிபோகோ'வில் சீனத்திலிருந்து எடுத்துத் தழுவிய இன்னொரு கதை, பியோனிப் பூ வரைந்த விளக்கின் கதை, 'போத்தான் தோரோ'. அதை 19ஆம் நூற்றாண்டில் மேடையில் சொல்லிப் புகழ்பெற்றவர் சான்யூதெய் என்சோ. ஜப்பானியப் பேய்க்குக் கால் கிடையாது. கால் தேய்ந்து மறையும்படி வரைவது ஓவிய மரபு. ஆனால் என்சோவின் ஒத்சுயு இரவுதோறும் காதலனைத் தேடி வரும்போது முதலில் வருவது மரச்செருப்பின் ஓசை: காரான், கோரோன். காலில்லாத பேய்க்குக் காலடியோசை! ஓவியன் கண்ணுக்காகக் காலை எடுத்தான். கதைசொல்லியிடம் இருப்பது கூடியிருப்பவர்களின் காது மட்டும்தானே, ஆகவே அவர் காலைத் திருப்பிக் கொடுத்தார். என்சோ சேகரித்த பேய் ஓவியச் சுருள்கள் ஏறக்குறைய ஐம்பது, தோக்கியோ யானகாவில் உள்ள செந்ஷோ-அன் மடத்தில் இருக்கின்றன. அவர் இறந்த ஆகஸ்ட் மாதத்தில் ஆண்டுதோறும் அவற்றைப் பார்வைக்கு வைக்கிறார்கள்.

சுருக்கெழுத்து ஜப்பானுக்குப் புதிதாக வந்த காலம் அது. என்சோ வாயால் சொன்ன கதையை இருவர் அப்படியே சுருக்கெழுத்தில் பிடித்தார்கள். 1884இல் அது அச்சில் வந்தது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஃபுதாபாதெய் ஷிமெய் என்ற இளைஞர் தன் முதல் நாவலை எப்படி எழுதுவதென்று தெரியாமல், மூத்தவரான த்சுபோஉச்சி ஷோயோவிடம் போய் நிற்கிறார். அவர் சொன்ன யோசனை: என்சோ பேசுகிறார் அல்லவா, அப்படி எழுதிப் பார். 1887இல் வெளிவரத் தொடங்கிய 'உகிகுமோ'வை ஜப்பானின் முதல் நவீன நாவல் என்கிறார்கள். பேய்க்கதை சொன்ன ஒரு வாயிலிருந்துதான் அந்த உரைநடைக்கு மூச்சு கிடைத்தது. ஆகவே முதல் நாவல் எழுதியவர் மேடையேறி யோக்காயைப் பற்றிப் பேசும்போது அதை வெறும் புத்தக விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. தண்ணீர் வந்த வாய்க்காலுக்கே திரும்பிப் போகிறது.

கேட்டு எழுதியவர்கள் வரிசை இன்னும் இருக்கிறது. லஃப்காடியோ ஹெர்னுக்கு மனைவி கொய்சுமி செட்சு கதை சொல்வார். அமைதியான இரவில் விளக்குத் திரியை இறக்கிவிட்டுச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் ஹெர்ன் ஒப்புக்கொள்ளமாட்டார். உன் சொல்லில், உன் நினைப்பில் சொல் என்பார். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் 1904இல் 'க்வைதான்' வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவர் காலமானார். 1910இல் யானகிதா குனியோ 'தோனோ மொனொகதாரி'யை 350 படிகள் மட்டும், எண்ணிட்டு, சொந்தச் செலவில் அச்சிட்டார். மலைநாட்டு ஊரான தோனோவின் 119 கதைகள். முன்னுரையைத் தொடங்கும்போதே, இவை யாவும் அந்த ஊர் சசாகியிடம் கேட்டவை என்று கணக்குத் தீர்த்துவிடுகிறார். சசாகி சாமர்த்தியமான பேச்சாளர் அல்லர், நேர்மையானவர் என்ற குறிப்பு வேறு. கதை சொன்னவனைப் பற்றி இதைவிட நல்ல நற்சான்று எழுதமுடியுமா?

கேட்பவருக்கும் வேலை உண்டு. பேச்சுக்கு நடுவே ஜப்பானியர் ஓயாமல் தலையசைத்து 'ஹாய்', 'ஊன்' என்று ஒலியெழுப்புவதற்கு 'ஐசுச்சி' என்று பெயர். அது கொல்லுப்பட்டறைச் சொல். கொல்லன் ஓர் அடி அடிக்க, எதிரே நிற்பவன் மாற்றி அடிக்கும் சம்மட்டிதான் ஐசுச்சி. தமிழிலும் நாம் கதை கேட்கும்போது 'உம்' என்று சொல்வதில்லை, உம் கொட்டுகிறோம். இரண்டு மொழிக்கும் கேட்பது என்பது ஓர் அடி. கேட்பவர் அடிக்காவிட்டால் இரும்பு வளையாது.

இனி பக்கத்துக்கு வருவோம். கியோகொகு புத்தகங்களின் மிகப் பெரிய நயத்தை மொழிபெயர்ப்பில் பார்க்கமுடியாது. அவர் எந்த வாக்கியத்தையும் ஒரு பக்கத்தில் தொடங்கி அடுத்த பக்கத்தில் முடிய விடமாட்டார். பக்கத்தின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி இருக்கும். வடிவமைப்பாளர் அல்லவா, பக்கங்களைத் தானே மென்பொருளில் கோக்கிறார். பெரிய அளவில் வந்த நூல் கையடக்கப் பதிப்பாக மாறும்போது வரிகள் இடம் பெயரும். உடனே வாக்கியங்களைத் திருத்தி, மறுபடி பக்கத்துக்குள் அடக்குவார். 2011இல் ஒரு நாவலை நான்கு வடிவங்களில், மின்னூல் உட்பட, ஒரே நேரத்தில் வெளியிட்டார். வாசகர் எவரும் கேட்காத, பெரும்பாலோர் கவனித்திராத ஒரு மரியாதைக்காக இத்தனை உழைப்பு.

இந்த மரியாதை எதற்கு என்பது அவரைப் போன்றவர்களை மேடையில் கேட்கும்போது விளங்கும். நல்ல கதைசொல்லி வாக்கியத்தின் நடுவில் மூச்சுவிடமாட்டான். முடித்து, நிறுத்தி, கூட்டம் மூச்சை இழுத்த பிறகு அடுத்ததைத் தொடங்குவான். அந்த நிறுத்தத்துக்கு ஜப்பானியத்தில் 'மா' என்று பெயர். எழுத்தைப் பாருங்கள்: வாசற்கதவுக்குள் ஒரு சூரியன். பழைய வடிவில் சூரியன் இருந்த இடத்தில் நிலா. சாத்திய கதவின் இடுக்கில் நிலவு தெரிகிறது, அதுதான் இடைவெளி. கியோகொகுவின் பக்க முடிவு ஒவ்வொன்றும் அப்படி ஒரு கதவிடுக்கு. நாம் தாளைத் திருப்பும் அந்த நொடியில் அவர் காத்திருக்கிறார்.

தாள்களோ ஏராளம். 1995இல் வந்த இரண்டாவது நாவல் 'மோரியோ நோ ஹாகோ', துப்பறியும் எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்றது. அதன் கையடக்கப் பதிப்பே ஆயிரம் பக்கம் தாண்டும். வாசகர்கள் செல்லமாகச் 'செங்கல் புத்தகம்' என்பார்கள், பகடைக்காய் என்பார்கள். சட்டைப்பைக்கென்று உண்டான அளவில் ஒரு செங்கல்! இந்த வரிசையில் 2006க்குப் பிறகு அறிவிப்பாகவே நின்றுவிட்ட நாவலுக்காக வாசகர்கள் பதினேழு ஆண்டு காத்திருந்தார்கள். 'நுஎ நோ இஷிபுமி' 2023 செப்டம்பரில் வந்தது. மெலியவில்லை.

இந்தக் கனம்தான் கையெழுத்து விழாவில் கைமாறுகிறது. ஜப்பானியப் புத்தகக் கடைகளில் அதற்கு 'சைன்காய்' என்று பெயர். சடங்கு போலவே நடக்கும். புத்தகம் வாங்கியவருக்கு வரிசை எண்ணிட்ட சீட்டு கிடைக்கும். கூடவே ஒரு துண்டுத்தாள். அதில் உங்கள் பெயரை நீங்களே எழுதித் தரவேண்டும். காரணம், ஜப்பானியப் பெயரை ஒலியை வைத்து எழுதமுடியாது. அகிகோ என்ற பெயருக்கு மட்டும் எத்தனையோ எழுத்துச் சேர்க்கைகள்: ஒளி, இலையுதிர்காலம், படிகம். எந்த அகிகோ நீங்கள்? எழுத்தாளர் துண்டுத்தாளைப் பார்க்கிறார், உங்கள் முகத்தைப் பார்க்கிறார், பிறகு தூரிகைப்பேனாவை எடுக்கிறார். பெறுபவர் பெயரை எழுதுவதற்கு 'தாமெகாகி' என்று தனிச்சொல் உண்டு, இன்னாருக்காக எழுதுவது. ஒலி ஒன்று, எழுத்து வேறு என்பதில் தொடங்கிய நாவல், வாசகரின் பெயரை அவருடைய சரியான எழுத்தில் எழுதி முடிகிறது.

பெயருக்குப் பிறகு கையெழுத்து, தேதி, அப்புறம் முத்திரை. குங்குமச் சிவப்பு மையில் தோய்த்து, கறுப்பு எழுத்தின் ஓரத்தில் ஒரே அழுத்து. கறுப்பு உடையில் சிவப்பு வார் போல, அந்தச் சிவப்பு விழுந்ததும்தான் பக்கம் நிறைகிறது. பக்கத்தில் நிற்கும் கடைப் பணியாளர் உடனே ஒரு மெல்லிய வெற்றுத்தாளை மேலே வைத்துப் புத்தகத்தை மூடுகிறார், எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டாதிருக்க. 'ஐகாமி', இடைத்தாள். பலர் அந்த வெற்றுத்தாளையும் எறியாமல் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருப்பார்கள். அதில் முத்திரையின் மங்கிய நிழல் திரும்பிய முகமாகப் படிந்திருக்கும். சுஎதாகேயின் அங்கியில் மிஞ்சிய இலை போல.

புத்தக வியாபாரத்தில் இன்னொரு விதி உண்டு. ஜப்பானில் விற்காத புத்தகத்தைக் கடைக்காரர் பதிப்பாளருக்குத் திருப்பி அனுப்பலாம். கையெழுத்திட்டதை அனுப்பமுடியாது. கணக்கில் அது 'அழுக்கான' புத்தகம். மை பட்டுவிட்டால் யாராவது ஒருவர் அதைத் தாங்கியே ஆகவேண்டும். உபுமே துரத்திக் கேட்டாலும் சுஎதாகே கொடுக்கவில்லை என்பதை இந்த விதியோடு சேர்த்துப் படித்துச் சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் நினைவுக்கு வருவது வேறு. பிள்ளைப்பேற்றில் இறந்தவளுக்காக ஜப்பானியக் கிராமங்களில் 'நகாரெ கஞ்ஜோ' என்று ஒன்று செய்தார்கள். ஓடைக்கரையில் நான்கு மூங்கில் நட்டு ஒரு துணியைக் கட்டுவார்கள். பக்கத்தில் ஓர் அகப்பை. அந்த வழியே போகிறவர்கள் யாராக இருந்தாலும் ஓடை நீரை அள்ளி அந்தத் துணியில் ஊற்றிவிட்டுப் போகவேண்டும். துணியின் நிறம் கரைந்துபோனால் அவளுக்கு விடுதலை. நம் ஊர்ப் பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகள் இன்னும் சில நிற்கின்றன. வயிற்றில் பிள்ளையோடு இறந்தவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக நட்ட கல் அது. தலைச்சுமையோடு வருகிற யாரோ அதில் சுமையை இறக்கினால் அவளுக்கு ஆறும் என்பது நம்பிக்கை. அங்கே நீர், இங்கே கல். இரண்டு ஊரும் அவளுடைய பாரத்தை உறவினரிடம் விடவில்லை, முகம் தெரியாத வழிப்போக்கரிடம் விட்டிருக்கின்றன.

வாசகர் என்பவரும் அப்படி ஒரு வழிப்போக்கர்தான். 'உபுமேயின் கோடை' ஆங்கிலத்தில் 2009இல் வந்திருக்கிறது. பக்க முடிவின் நயம் அதில் இல்லாவிட்டாலும் பேச்சின் நயம் இருக்கிறது, தேடிப் படிக்கலாம். எந்த ஊரிலாவது, எந்த மொழியிலாவது, முதல் நாவல் எழுதிய ஒருவர் பேசிமுடித்து, கையெழுத்திட்டுப் புத்தகத்தை உங்களிடம் நீட்டினால் அவசரமாக வாங்கிப் பையில் திணித்துவிடாதீர்கள். மை காயும் வரை கையிலேயே வைத்திருங்கள்.